வள்ளி கெட்டிக் கொடுக்கணம்

கொச்சி மட்டாஞ்சேரியில் என் பயறு தரையில் முளைப்பதில்லை. மொட்டைமாடியில், சாக்குக்குள் முளைக்கிறது. போதாததற்கு அது ஏறுவதற்குக் கொம்பு வேண்டும், பந்தல் வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். நம் கரிசலில் தட்டப்பயறை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அது தரையோடு தரையாகக் கிடந்து காய்க்கும், நாமும் அதை எழுப்பி நிறுத்த மாட்டோம். அந்த ஞானத்தோடுதான் பக்கத்து வீட்டு ஆன்றணிச் சேட்டன் கொடுத்த அச்சிங்காப் பயறு விதைகளை நாலு சாக்கில் ஊன்றினேன். முழ நீளத்துக்குக் காய்க்கும் பயறு அது. கொடி கிளம்பியதும், உழுது பிழைக்கிற சம்சாரி மகன் அல்லவா, ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டேன்.

ஆன்றணிச் சேட்டன் படகு ஜெட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே கட்டடத்தில் அவர்கள் ஒரு பாதி, நாங்கள் ஒரு பாதி, மொட்டைமாடி பொது. நான் தோசைமாவு அரைத்து விற்பவன். தமிழன் கடை வைத்தால் இங்கே அண்ணாச்சிதான், ஆகவே என்னைவிட மூத்த அவருக்கும் நான் அண்ணாச்சி. வந்த புதிதில் மலையாளம் என்பது மூக்கால் பேசும் தமிழ் என்று நினைத்திருந்தேன். முதல் வாரம் வீட்டு ஓனர் வாசலில் நின்று "வெள்ளம் வந்நு" என்று சத்தம் போட, நான் அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு மனைவியையும் கைக்குழந்தையையும் அதன்மேல் ஏறச் சொன்னேன். குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது என்றுதான் அவர் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு மலையாளம் நன்றாகவே வந்துவிட்டது என்று போன மாதம்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கைக்குழந்தைதான் வள்ளி. இப்போது வைட்டிலாவில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அவளைப் பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலிலிருந்து வருவதாக இருந்தது. என் அண்ணன் பார்த்த இடம், நல்ல பையன். மகளை அங்கே கட்டிக்கொடுத்துவிட்டால் அதைச் சாக்கிட்டு நாமும் கடையைக் கட்டிக்கொண்டு போய்ச் சேரலாம் என்பது என் திட்டம். அதற்கு இரண்டு நாள் முன்னால் சாயாக் கடையில் ஆன்றணிச் சேட்டன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, வள்ளி கெட்டிக் கொடுக்கணம். இப்பத்தன்னே வைகிப்போயி."

வள்ளியைக் கட்டிக்கொடுக்க வேண்டுமாம், இப்போதே தாமதமாம். 'வள்ளியை' என்று சொல்லவில்லையே என்று தோன்றியது. மலையாளிகள் அதையும் விழுங்கிவிடுவார்கள் போல என்று தள்ளிவிட்டேன்.

"நோக்குந்நுண்டு சேட்டா" என்றேன். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

"எந்து நோக்கான்? ஞான் குறெ திவசமாயி காணுந்நு. எங்ஙட பாகத்தேக்காணு சாய்வு."

கொஞ்ச நாளாகக் கவனிக்கிறாராம், அவர்கள் பக்கமாகத்தான் சாய்கிறதாம். அவர்கள் பக்கம் என்றால் ஜிஜோ. அவர் மகன், ஆட்டோ ஓட்டுகிறவன், இன்னும் கல்யாணம் ஆகாதவன். சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"சுற்றிப் பிடிச்சால் பின்னெ பறிச்செடுக்கான் பற்றில்லா" என்று தோளில் தட்டிவிட்டு எழுந்து போனார். பிடித்துக்கொண்டால் அப்புறம் பிரிக்க முடியாதாம். இதைச் சிரித்த முகத்தோடு சொல்கிறார் மனிதர்.

வீட்டுக்குப் போனபோது வள்ளி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். நிதானமாகக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனவன், "நீ யார் பக்கம் சாயுற?" என்று கேட்டேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா சொல்லிட்டாங்களா? எனக்கு அங்க வேண்டாம்ப்பா. ஞாயித்துக்கிழமை அவங்க வரண்டான்னு சொல்லிருங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஜிஜோ இல்லை என்று ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் அவள் வேண்டாம் என்றது சங்கரன்கோவிலை என்று உறைத்தது. யார் என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்க, ஆன்றணிச் சேட்டன் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். கண்ணில் நீரோடு இருந்தவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வள்ளின்னா கயறுப்பா. உங்க பயறுக்குக் கயறு கட்டணும்னு சொல்லிருக்காரு."

மாடிக்கு ஓடினோம். எல்லாக் கொடியும் அவர்கள் பக்கத்துத் துணிக்கொடியில் படுத்திருந்தன. ஒன்று ஜிஜோவின் காக்கிச் சட்டையைக் கையோடு சுற்றிப் பிடித்திருந்தது. ஆன்றணிச் சேட்டன் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. இரண்டு கம்பை நட்டுக் குறுக்கே ஒன்றைக் கட்டினேன். வள்ளி மேலிருந்து ஒவ்வொரு செடிக்கும் கயிறு இறக்கி, தண்டு நெரியாமல் தளர்வாக முடிச்சுப் போட்டாள். அந்த வேலைக்கு நடுவில்தான் மீதியையும் சொன்னாள்.

"நீங்க திரும்பிப் போறீங்கப்பா. நான் அங்க புதுசா போகணும். தமிழ் போர்டை எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள பஸ் போயிரும். நீங்க அரிசி மூட்டை தூக்கின மாதிரி நானும் அங்க எதையாவது தூக்கிட்டு நிக்கணுமா?"

எனக்குக் கோபம் வரவில்லை, துக்கமாக இருந்தது. பட்டதெல்லாம் அவளுக்காக என்று சொல்லிக்கொண்டே, பட்டதையே அவளுக்குச் சீதனமாகக் கொடுக்க இருந்திருக்கிறேன். அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அவுகள வர வேண்டாம்னு சொல்லிருண்ணே. பிள்ளைக்கு ஊர விட்டு வர இஷ்டமில்ல."

"எந்த ஊரச் சொல்லுதலே?" என்றார் அண்ணன். "ஊரு இங்கல்லா இருக்கு?"

நானே திடுக்கிட்டுத்தான் போனேன். ஊர் என்று நான் மட்டாஞ்சேரியைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அவ ஊருண்ணே" என்று சமாளித்தேன்.

"அப்ப நீ யாரு ஊர்ல இருக்கலே?"

"மக ஊர்லண்ணே."

அண்ணன் போனை வைத்துவிட்டார். நம் பக்கத்தில், மகளைக் கொடுத்த ஊரில் தகப்பன் நாலு நாள் சேர்ந்தாற்போல் தங்கினால் மரியாதை இல்லை என்பார்கள். நான் மகளை யாருக்கும் கொடுக்காமலே, அவள் ஊரில் இத்தனை வருஷமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.