அவரவர் துணி

பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் ஊசி நாளன்று பள்ளிக்கூட வராண்டா உத்தரத்தில், கடிகாரம் போன்ற முகத்தோடு ஒரு தராசு தொங்கும். அதன் கொக்கியில் துணியைத் தூளியாகக் கட்டிக் குழந்தையைக் கிடத்தினால் முள் நகரும். பெரியம்மா என்றதும், இடுப்பில் கைவைத்து அந்த முள்ளையே பார்த்தபடி அவர் நிற்பதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அம்மாவுக்கு மூத்தவர். காலனியில் யாருக்குப் பிரசவ வலி என்றாலும் கூடவே டவுனுக்கு பஸ் ஏறுபவர் அவர்தான்.

திருச்சுழி பஸ் எங்கள் ஊரில் இரண்டு இடத்தில் நிற்கும், ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. ஊசி போட வரும் நர்சம்மாவின் பையிலும் அப்படித்தான் இரண்டு தூளித் துணி. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பூப்போட்டது; எங்கள் பிள்ளைகளுக்கு நைந்துபோன வெள்ளை வேட்டித் துண்டு. ஊர்ப் பிள்ளைகளை எடை பார்த்து முடித்த பிறகு அவர் துணியை மாற்றுவார். யாரும் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. சொல்லாமலே நடப்பதற்குத்தான் எங்கள் பக்கத்தில் வழக்கம் என்று பெயர். நான் அப்போது அருப்புக்கோட்டையில் மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். லீவு நாட்களில் இதைப் பார்த்து எரிச்சலோடு திரும்புவேன், அவ்வளவுதான்.

கிராம சுகாதாரக் குழுவில் காலனிப் பெண் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. பெரியம்மாவைப் போட்டார்கள். கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார் என்று நினைத்திருப்பார்கள். அவரோ முதல் கூட்டத்திலேயே எழுந்து, பிள்ளைக்குப் பிள்ளை துணி எதுக்கு மாத்துறீக என்று கேட்டுவிட்டார். சண்டை வரும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, பஞ்சாயத்துத் தலைவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாராம்.

"அவுக சொல்றது ஞாயந்தான். இனிமே பொதுத்துணியே வேண்டாம். அவுகவுக துணிய அவுகவுக கொண்டாரட்டும்."

எல்லாருக்கும் ஒரே சட்டம். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?  பெரியம்மா தோற்றதாக நினைக்கவில்லை. காலனியில் வீடு வீடாகப் போய், "நம்ம துணிய அழுக்குன்னு ஒருத்தி மூக்கச் சுழிக்கக் கூடாது. வீட்டுல இருக்கதுலயே நல்ல துணியா எடுத்துட்டு வாங்க" என்று சொன்னார். வந்த துணிகளை நான் பார்த்தேன். கல்யாணப் பட்டு, புதுப் போர்வை, பெட்டியிலிருந்து எடுத்த கெட்டி விரிப்பு. பெரியம்மாவின் மகள், என் அக்கா, தன் கல்யாணச் சீர் ஜமுக்காளத்தைக் கொண்டுவந்தாள். அதில் அவள் கைக்குழந்தையைக் கிடத்தியபோது பெரியம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஊர்த் தாய்மார் கொண்டுவந்த துணியை நர்சம்மா முதலில் வெறுமனே மாட்டுவார். துணியின் எடை சேராதபடி திருகாணியைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் குழந்தையைக் கிடத்துவார். எங்கள் துணிகளை அவர் தொடவில்லை. பிள்ளையோடு சேர்த்து நாங்களே மாட்டிவிட வேண்டும். அவர் எட்டி நின்று முள்ளைப் பார்த்துப் பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார். எடை குறைவு என்று சிவப்பிலும் மஞ்சளிலும் கிடந்த எங்கள் பிள்ளைகள் ஒரே நாளில் பச்சைக்கு ஏறினார்கள். அடுத்த கூட்டத்தில் தலைவர் பெரியம்மாவைப் பாராட்டிப் பேச, எல்லாரும் கைதட்டினார்கள். பச்சையில் இருக்கும் பிள்ளைக்குக் கூடுதல் சத்துமாவு எதற்கு என்று அதை நிறுத்தினார்கள். கைதட்டியவர்களில் பெரியம்மாவும் ஒருவர்.

அக்காவுக்குச் சந்தேகம் இருந்தது. பிள்ளைக்கு விலா எலும்பு தெரிகிறதே, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள். பெரியம்மா அட்டையை எடுத்துக் காட்டுவார். "பச்சையில இருக்காம்டி. ஒல்லி உடம்பு, ஒங்கப்பா வாகு." பிறகு வயிற்றோட்டம் கண்டது. அதைத் தாங்க அந்த உடம்பில் ஒன்றுமில்லை. அருப்புக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் பிள்ளையை வெறும் தட்டில் வைத்து எடை பார்த்த நர்ஸ், அட்டையைப் பார்த்து, பிள்ளையைப் பார்த்து, எதில் போட்டு எடை எடுத்தார்கள் என்று கேட்டாள். ஜமுக்காளம் என்றாள் அக்கா. அந்த நர்ஸ் அட்டையிலிருந்த எடையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். மறுநாள் காலையில் பிள்ளை போய்விட்டது.

அக்கா நர்சம்மாவைத் திட்டவில்லை, தலைவரையும் திட்டவில்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து, எல்லார் முன்னாலும் பெரியம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஒனக்கு மானம் பெருசா இருந்துச்சும்மா."

அதன்பின் பெரியம்மாவின் கடைசி நாள் வரை அவள் அவரோடு பேசவில்லை. எனக்கு இன்றும் அக்கா மேல் கோபம் உண்டு. பெற்ற வயிறு எரிந்தவள்மேல் கோபப்பட நான் யார் என்றும் தோன்றும். இப்போது என் மகளை நான் எடைபார்க்கிற மிஷினில் எண் ஒளிர்கிறது, துணியே தேவையில்லை. ஊர்க்காரிகள் எங்களுக்கு முன்பாகவே வந்து எடைபார்த்துப் போய்விடுகிறார்கள்.

பிள்ளை போன அடுத்த ஊசி நாளுக்கு நான் பெரியம்மாவோடு போனேன். மற்ற தாய்மார் போர்வையும் விரிப்புமாக நின்றார்கள். அவர் நேராக நர்சம்மாவிடம் போனார். 

"எங்க பிள்ளைகளுக்கு அந்தப் பழைய துணியவே போடுங்க தாயி."

நர்சம்மா பைக்குள் கைவிட்டார். தேடவே வேண்டியிருக்கவில்லை. துவைத்து மடித்து மேலாகவே வைத்திருந்தார்.