மரகதத்துக்கு மச்சான்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஜமால் மாமா மவுத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் கடலூரில் கண்ணாடி முன் நின்று மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தேன். பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அப்படியே சிதம்பரத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். என்னைப் பார்த்ததும் மாமி அழுகையை நிறுத்தினார். "இந்த மீசையப் பாக்காம போயிட்டாங்களே" என்று சொல்லி மறுபடி அழுதார்.

மாமாவின் மோதிரக் கடைக்குப் போனவர்களுக்கு அவர் வாய் தெரியும். ஜோசியர் சொன்னாரென்று மரகதம் தேடி வந்து, விலையைக் கேட்டு மலைப்பவர்களுக்குப் பச்சை ஸ்படிகம் எடுத்துக் காட்டுவார். "போட்டா நல்லது நடக்குமா பாய்?" என்று கேட்டால், "இந்தக் கல்லு கண்ணாடியக் கீறும். தலையெழுத்தக் கீறாது" என்பார். எழுந்து போனவர்களும் உண்டு.

"வியாபாரம் பண்றீங்களா, ஆள வெரட்டுறீங்களா மாமா?" என்பேன்.

"உன்ன வெரட்ட முடியலியே மாப்ள."

என் மகளுக்குக் கீரப்பாளையத்தில் மாப்பிள்ளை பேசினோம். ஏற்கெனவே ஒரு இடம் தட்டிப்போயிருந்ததால் எனக்கு உள்ளுக்குள் உதறல். நிச்சயத்தன்று, மாமா செய்து தந்த வெள்ளி மோதிரத்தை மாப்பிள்ளைக்குப் போட்டோம். மாப்பிள்ளையின் பெரியம்மா கல்லைப் பார்த்து, "மரகதமா?" என்றார். நான் தலையாட்டத் தொடங்கியிருந்தேன்.

"இல்லம்மா" என்றார் மாமா. "பச்சை ஸ்படிகம். மரகதத்துக்கு மச்சான் முறை."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

"அப்ப டூப்பா?" என்றார் பெரியம்மா.

"டூப்புன்னா கண்ணாடி. இது கல்லு. வெயில்ல ஜாஸ்தி காட்டாதீங்க, வெளுத்துடும். மரகதம் எங்கயாவது இடிச்சா விரிசல் விடும். இது பாத்திரம் தேய்ச்சாலும் தாங்கும். மாப்ள தேய்ப்பாருல்ல?"

முதலில் சிரித்தது பெரியம்மாதான். "தேய்க்கச் சொல்லிடுறேன் பாய்." நிச்சயம் அந்தச் சிரிப்பிலேயே முடிந்தது. மருமகன் இன்றும் தேய்க்கிறார்.

வெளியே வந்ததும் மாமாவைப் பிடித்து உலுக்கினேன். "இல்லாததச் சொல்லி அனுப்புனா, அந்தப் புள்ளதான அங்க உக்காந்து பதில் சொல்லணும்" என்றார்.

அந்தக் கல்லின் மறு துண்டில் எனக்கும் ஒரு மோதிரம் செய்து தந்தார். அதுதான் அவரிடமிருந்து என்னிடம் இருப்பது. மீசைக்கு மை பூசுவதை விட்டுவிட்டேன், அதுவும் அவர் கணக்குதான்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, பள்ளிவாசல் வாசலில் மாமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "நெசமாவே கண்ணாடியக் கீறுமா?" என்று ஒருவர் கேட்டார். பக்கத்தில் நின்ற காரின் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்துக் காட்டினேன்.

கீறியது. கார் என் சம்பந்தியுடையது. புதுசு.