டெல்லி ஸ்டேடியமும் எங்கள் தெரு முளையும்

சென்ற வாரம் மகள் ஒரு செய்தியை அனுப்பியிருந்தாள். ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் கட்டிய அந்தப் பெரிய ஸ்டேடியத்தை இடித்துவிட்டு, அங்கே விளையாட்டு நகரம் என்று ஏதோ ஒன்றைக் கட்ட யோசனையாம். கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "அம்மா, நீ ஓடுன எடந்தானே இது?" பக்கத்தில் அழுகிற பொம்மை ஒன்று.

நான் அப்போது பெரணமல்லூர் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அங்கே அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். படித்ததும் எனக்கு முதலில் வந்தது வாசனைதான். சைக்கிள் டியூபில் பங்சர் ஒட்டும்போது சூடான ரப்பர் ஒரு வாடை அடிக்குமே, அது. அந்த ஸ்டேடியத்தின் சிவப்பு ஓடுதளம் வெயிலில் அப்படித்தான் மணக்கும். இத்தனை வருடம் கழித்தும் ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் பங்சர் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பாவம், அந்தக் கடைக்காரருக்கு என்ன தெரியும்.

அந்த ஸ்டேடியத்தை நான் முதலில் பார்த்தது டிவியில். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். தெருவிலேயே ஒரே ஒரு டிவி, பட்டு வியாபாரி ஒருவர் வீட்டில். மாடியில் தென்னை உயரத்துக்கு ஆன்டெனா. ஆசிய விளையாட்டு நடந்த நாட்களில் தறிச்சத்தம் பாதியாகக் குறைந்து, தெருவே அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. படம் புள்ளிபுள்ளியாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே நம் நாட்டுப் பெண்கள் ஓடினார்கள். என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், கை தட்டியதை நான் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, "நீகூடத்தான் காத்து மாதிரி ஓடற" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டு நெய்கிற தெரு. விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். அதாவது, நெசவுக்கு வேண்டிய நீள இழைகளைத் தெருவோடு இழுத்து, இரண்டு பக்கமும் முளைகளில் கட்டி, கஞ்சி தடவி நீவிவிடுவார்கள். வீட்டுக்கு வீடு இரும்பு முளைகள் மண்ணிலிருந்து தலை நீட்டிக்கொண்டிருக்கும். பள்ளி மைதானத்தில் அந்த வருடங்களில் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. போன இடமெல்லாம் மணல், செங்கல். ஆகவே நான் ஓடிப் பழகியது தெருவில், பாவுக்குப் பக்கத்தில். கொஞ்சம் சாய்ந்தாலும் கால் இழையில் பட்டுவிடும். ஒரு வீட்டின் ஒரு மாத வேலை போய்விடும். "ஏய், பாவு பாவு! பாத்து ஓடுடி!" என்று வழி நெடுகக் கத்துவார்கள். எங்கள் பி.டி. டீச்சர் பிற்பாடு, "கயிறு கட்டி விட்ட மாதிரி எப்படிடி இவ்ளோ நேரா ஓடற?" என்று ஆச்சரியப்பட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

நூறு மீட்டர் ஓட்டம் என்றால் நூறு மீட்டர் அளக்க வேண்டுமல்லவா? நைனாதான் அளந்தார். வீட்டில் துணி அளக்கிற கஜக்கோல் இருந்தது. இரண்டு முனையிலும் பித்தளைப் பூண் போட்ட நல்ல கோல், தாத்தா காலத்தது. அதை எங்கள் வாசலிலிருந்து தெருவோடு புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டே போனார். நான் பக்கத்தில் நடந்து சத்தமாக எண்ணினேன். நூறு என்று நான் கத்திய இடம் குழாயடிக்கு நேராக வந்தது. அங்கே புதிதாக ஒரு முளை அடித்து, சிவப்புத் துணி ஒன்றைச் சுற்றினார். எனக்கு லேசாக ஒரு சந்தேகம். "ஸ்கூல்ல மீட்டர்னுதானே நைனா சொன்னாங்க?" என்றேன். "மீட்டரு இன்னா, கஜம் இன்னா, எல்லாம் ஒண்ணுதாம்மா. கடைங்கள்ல ரெண்டுத்துக்கும் ஒரே கோலுதான் வச்சிகினு இருக்காங்கோ" என்றார். நைனா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பார்த்தீர்களா, அப்போதே கணக்கில் நான் எவ்வளவு கெட்டி என்று.

மூன்று வருடம் அந்த முளைக்குத்தான் ஓடினேன். நான் கணக்கு வைத்து ஓடவில்லை, கால்தான் கணக்கு வைத்தது. குழாயடி வந்ததும் தானாக உடம்பு விட்டுக்கொடுக்கும். மாவட்டப் போட்டியில் அது தெரியவில்லை; எனக்கு அடுத்த பெண் ரொம்பத் தூரம் பின்னால் வந்தாள். மாநிலப் போட்டியில் இரண்டாவதாக வந்தேன். "கடைசியில ஏன்டி தளர்ந்து போற? மூச்சு பத்தலையா?" என்று பி.டி. டீச்சர் கேட்டார். மூச்சுதான் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். அதற்காகத் தினமும் இரண்டு பச்சை முட்டை குடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது.

அடுத்தது பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியப் போட்டி. டிவியில் பார்த்த அதே ஸ்டேடியம்.

உள்ளே போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, பயத்தில்தான். நான்கு மூலையிலும் வானத்தைத் தொடுகிற விளக்குக் கோபுரங்கள். நடுவில் கால்பந்து ஆடுகிற புல், சுற்றிலும் சிவப்பு ஓடுதளம், அதைச் சுற்றி எங்கள் ஊர் மொத்தத்தையும் உட்கார வைத்தாலும் நிரம்பாத படிவரிசைகள். அன்றைக்கு அதில் ஒரு நூறு பேர்கூட இல்லை. ஓட ஆரம்பித்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. பக்கத்தில் பாவு இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் யாருமே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், யாருமே இல்லை. பிறகு குழாயடி வந்தது. என் கால் விட்டுக்கொடுத்தது. வலப்பக்கம் ஒருத்தி, இடப்பக்கம் இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். நான்காவது. அடுத்த சுற்றுக்கு மூன்று பேர்தான்.

"கோட்டுக்கு முன்னாடியே நின்னுட்டியேடி" என்று டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் மட்டும் இறங்கி, கால் விட்ட இடத்திலிருந்து வெள்ளைக்கோடு வரை நடந்து பார்த்தேன். எட்டி வைத்துப் பன்னிரண்டு தப்படி. ரப்பர் சூடு பாதத்தைச் சுட்டது. கஜக்கோல் ஞாபகம் அப்போதுதான் வந்தது.

ஊருக்கு வந்த மறுநாள் பள்ளியிலிருந்து மரத்தாலான மீட்டர் ஸ்கேலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து, தரையில் கஜக்கோலையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கஜக்கோல் நாலு விரலுக்குக் கொஞ்சம் மேலேயே குட்டை. நூறு முறை புரட்டினால் ஏறக்குறைய ஒன்பது மீட்டர். அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நைனா உள்ளே வந்தார்.

"இன்னாம்மா அது?"

"ஸ்கூல் ஸ்கேலு நைனா. வீட்டுப்பாடம்."

சொம்பில் தண்ணீர் குடித்தார். அப்புறம், "அங்க இன்னா ஆச்சும்மா? நீ ஒண்ணுமே சொல்லலையே" என்றார்.

"காலு புடிச்சிகிச்சு நைனா."

"சரி, வுடு. சரியாப் பூடும்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை என்று எனக்கு உயிர் வந்தது. தன் கையால் அளந்து தன் மகளைத் தோற்கடித்தோம் என்று அவருக்குத் தெரிந்தால் தாங்குவாரா? அதன் பிறகு சில வாரங்கள் விடியற்காலையில் வாசலில் நின்று கேட்பார்: "ஓடலையாம்மா?" நான், "காலு இன்னும் நோவுது நைனா" என்பேன். வேறென்ன செய்வது? குழாயடியில் நின்றால் மறுபடியும் தப்பு. தாண்டி ஓடினால், ஏன் தாண்டுகிறாய் என்று கேட்பார். கால் வலி அப்படியே நீண்டது. பிறகு பரீட்சை, காலேஜ், கல்யாணம். நான் ஓடவே இல்லை.

ஸ்டேடியம் மட்டும் அவ்வப்போது கண்ணில் படும். ஒரு நாள் பேப்பரில் அங்கே ஏதோ பாட்டுக் கச்சேரி. காமன்வெல்த் போட்டி வந்தபோது பழைய கோலத்தை மாற்றி, தலைக்கு மேல் வெள்ளைக் கூரை போட்டார்கள். அந்த விளக்குக் கோபுரங்களை டிவியில் தேடினேன். "அதாம்மா நீ ஓடுனது?" என்று நைனா திரையைக் காட்டிக் கேட்டார். அப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. "ஆமா நைனா" என்றேன். அதற்கடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பாவில் இழை அறுந்தால் யார் அறுத்தது என்று கேட்பதில்லை. பார்த்தவர் முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். வீட்டில் சண்டை வராமல் இருக்க நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நைனா போய் நாலைந்து வருடம் கழித்து, சிமெண்ட் ரோடு போடுவதற்காகத் தெருவைத் தோண்டினார்கள். முளைகளையெல்லாம் பிடுங்கி ஓரமாகக் குவித்தார்கள். குழாயடி முளையை நான் போய் எடுத்து வைத்துக்கொண்டேன். அங்கிருந்து இரண்டு வீடு தள்ளி, பங்கஜம் அக்கா தன் வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டார். அவர் கையில் இன்னொரு முளை.

"இதையும் எடுத்துக்க டீச்சரு. இதுவும் உங்க நைனா அடிச்சதுதான்."

"இங்கயா? எப்பக்கா?"

"நீ டெல்லியிலேர்ந்து வந்தியே, அந்த வாரந்தான். ஒரு புது ஸ்கேலு எடுத்தாந்து தெரு முச்சூடும் அளந்துகினு வந்தாரு. இங்க வந்து முளை அடிச்சாரு. தெனம் வெடியகாலையில இங்கதான் வந்து நின்னுகினு இருப்பாரு. இன்னாண்ணா இங்க நிக்கிறன்னு கேட்டா, 'பொண்ணு ஓடி வரும்மா'ம்பாரு. ரொம்ப நாளு நின்னாரு."

முளையைக் கையில் வாங்கிக்கொண்டேன். ஓடலையாம்மா என்று வாசலில் கேட்டுவிட்டு அவர் எங்கே போனார் என்று நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. தெருவின் அந்தப் பக்கம் பார்ப்பதையே அப்போது விட்டிருந்தேன். அவருக்குத் தெரியக்கூடாது என்று நான் ஓடவில்லை. தெரிந்துதான் அவர் அங்கே நின்றிருந்தார். ஒரு வார்த்தை, யாராவது ஒருவர் பேசியிருந்தால் போதும். இப்போது வருடா வருடம் ஏழாம் வகுப்புக்கு அளவுகளை மாற்றும் கணக்கு நடத்துகிறேன். பிள்ளைகள் தப்பாகப் போட்டால் அடிப்பதில்லை. ஆனால் வாயைத் திறந்து சொல் என்று உயிரை எடுக்கிறேன்.

மகளின் செய்தி வந்த மறுநாள் காலையில், நைனா விட்டுச்சென்ற அதே வீட்டு வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். சிமெண்ட் ரோடு, இரண்டு பக்கமும் பைக்குகள். பங்கஜம் அக்காவும் இல்லை, அந்த வீட்டில் இப்போது ஜெராக்ஸ் கடை. எந்த முளை எங்கே இருந்தது என்று சொல்ல ஓர் அடையாளம் இல்லை. டெல்லியில் அந்த வெள்ளைக்கோடும் போய்விட்டால், நான் ஓடினேன் என்பதற்கு இந்த இரண்டு துருப்பிடித்த இரும்புதான் சாட்சி.

புடவையைச் செருகிக்கொண்டேன். குழாயடி இருந்த இடம் வரை நடந்தேன். அங்கிருந்து ஓடினேன். முட்டி வலிக்கிற ஒரு பொம்பளை ஓடினால் எப்படி இருக்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள். "இன்னா டீச்சர், பஸ்ஸு பூட்ச்சா?" என்று யாரோ கேட்டார்கள். நான் நிற்கவில்லை. இரண்டு வீடு தாண்டி ஜெராக்ஸ் கடை வாசல் வரைக்கும் ஓடிவிட்டேன்.

அங்கே யாரும் நிற்கவில்லை.