பதினாறு கட்டத்து யானை

நாலு பேர் நடுவில் பேச எனக்கு வாய் வராது. படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் இதை எழுதியாவது வைக்கிறேன்: ஒரு வீடியோ கேமுக்கு யானை வரைந்து கொடுத்தவள் நான்.

என் மருமகள் ஒரு சேலைக்கடையின் வெப்சைட்டில் படம் ஏற்றுகிறாள். ஒரே சேலையைப் பத்துக் கோணத்தில் ஏற்றி ஏற்றி, பட்டு என்றாலே அவளுக்குக் குமட்டுகிறது. காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு அதை வெளியே சொல்ல முடியுமா? கேம் செய்யும் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. சென்னையில் ஒரு போட்டி வந்தது. ஆதிகாலத்து கேம் போல ஒன்று செய்து அனுப்ப வேண்டும். தேர்வானால் கேமை வைத்துக் காட்ட அங்கே ஒரு மேஜை தருவார்கள். வேலை கொடுக்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள்.

பழைய கேம்களைப் போனில் காட்டினாள். ஒன்றில் இரண்டு குச்சி, நடுவில் ஒரு புள்ளி. இதற்கா ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள் என்றேன்.

"மெஷின்ல எடமே கெடையாது அத்தை. இருக்கிற கட்டத்துக்குள்ளதான் மனுசன், பேயி, பழம் எல்லாத்தயும் அடக்கணும்."

உற்றுப் பார்த்தேன். கட்டம் கட்டமாக நிறம். முப்பது வருஷம் தறிக்கு அட்டை குத்தியவள் நான். கட்டம் போட்ட காகிதத்தில் மயில் வரைந்திருக்கும். ஒரு வரிக்கு ஓர் அட்டை, நிறம் உள்ள கட்டத்துக்கு ஓர் ஓட்டை. கேம் செய்தவர்கள் ஏதோ மாயக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் அவர்களும் கட்டம் எண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள்தான். அன்றிலிருந்து அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. இதை மருமகளிடமும் சொன்னேன்.

"அப்போ நீங்களே ஒரு யானை வரைஞ்சு குடுங்க. அகலம் பதினாறு கட்டம்" என்றாள். உயரத்தை அவள் சொல்லவில்லை. எனக்குக் கேட்க வெட்கம்.

போட்டியின் கடைசி நாள் மதியம்தான் யானையைத் திரையில் ஏற்றினாள்.

"இன்னா அத்தை இது, ஒட்டகமா?"

"யானைதாம்மா. நெய்ஞ்சா சரியாயிடும்."

"இத்த யாரு நெய்யப் போறா?"

அப்போதுதான் உறைத்தது. தறியில் குறுக்கே ஓடும் ஊடை இழையை அடித்து அடித்து நெருக்கும்போது உருவம் அமுங்கும். அதனால் காகிதத்தில் ஒன்றரைப் பங்கு உயரமாக வரைவது எங்கள் பழக்கம். கம்ப்யூட்டரில் அடித்து நெருக்க யார் இருக்கிறார்கள்?

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பாவம், யானைக்கு யாரும் சோறு போடல போலக்கீது."

ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மருமகள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. நான் காகிதத்தை எடுத்தேன். மொத்தம் இருபத்து நாலு வரி. மூன்றுக்கு ஒன்றாக எட்டு வரியை அடித்தேன். பதினாறு நின்றது. வயிறு உருண்டது, கால் குட்டையானது, யானை யானையானது. ஆனால் அடித்த வரிகளோடு கண்ணும் போய்விட்டது, நெற்றி நாமமும் போய்விட்டது. முகத்தில் மிச்சம் ஒரே ஒரு கட்டம்.

"கண்ணு வேணுமா, நாமம் வேணுமா?"

"கண்ணே வைங்க அத்தை. நாமம் வெச்சா வடகலையா தென்கலையான்னு கேட்டுக்கினு கோர்ட்டுக்கு இழுப்பாங்க."

கண்ணை வைத்தேன். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பினாள். மேஜை கிடைத்தது.

நான் வராமல் தானும் போகமாட்டேன் என்று மருமகள் அடம் பிடித்ததால் நானும் சென்னைக்குப் போய் அவள் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். தாடி வைத்த ஒருவர் ஏழு தடவை விளையாடினார், ஏழு தடவையும் யானையிடம் மிதிபட்டார். கடைசியில் மருமகளிடம் கார்டைக் கொடுத்து, திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து பேசச் சொன்னார்.

"அது சரி, இந்த யானைய யார் வரைஞ்சது?"

அவள் என் பக்கம் கையை நீட்டினாள். நான் மேஜைக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். செருப்பு காலில்தான் இருந்தது.