நான் காணாத கனவு

‘சாட்சி நேரம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆராதனை நடுவில் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து, அந்த வாரம் ஆண்டவர் தங்களுக்கு என்ன செய்தார் என்று மைக்கில் சொல்வார்கள். வெள்ளவத்தையில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சபையில் அதற்கு முக்கால் மணித்தியாலம். வேத வாசிப்புக்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் அப்பாவுடையது.

அப்பா பம்பலப்பிட்டியில் ஒரு மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். மருந்துத் துண்டில் டொக்டர் எழுதாத ஒரு குளிசையை யார் கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார். சபையிலும் அதே ஆள்தான். குரலை உயர்த்தாமல், நடுங்க விடாமல், உள்ளதை உள்ளபடி வாசித்துவிட்டு இறங்கிவிடுவார். நித்திரை வருகிற வாசிப்பு என்று வாலிபர்கள் கேலி செய்வார்கள். எனக்கோ அவர் அங்கே நிற்கிற ஐந்து நிமிடமும் பெருமையாக இருக்கும்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது தம்பி செத்துப்போனான். அவனுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே முட்டு வருத்தம், மூச்சிழுப்பும் இருமலும். அவன் இருமாத நாளை எங்கள் வீடு கண்டதில்லை. அவனை அடக்கம் செய்து ஐந்தாம் ஞாயிறு, பாஸ்டர் அப்பாவிடம் மைக்கை நீட்டினார்.

“பிரதர், இந்தத் துக்கத்தில ஆண்டவர் உங்கள எப்பிடித் தேற்றினவர் எண்டு சொல்லுங்கோ.”

அப்பா மைக்கை வாங்கினார்.

“எனக்கு இன்னும் ஒரு ஆறுதலும் வரேல்ல, பாஸ்டர். மனசில ஒண்டும் தெரியேல்ல. ஆனா அவர் கைவிடமாட்டார் எண்டு வேதத்தில எழுதியிருக்கு. நான் அதில நிக்கிறன்.”

ஒருவர்கூட ஆமென் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வேத வாசிப்புக்கு வேறொருவர் ஏறினார். தேவ அனுபவம் இல்லாதவர் வாசித்தால் வசனத்தில் உயிர் இருக்காது என்று பாஸ்டர் பிரசங்கத்திலேயே சொன்னார். பெயர் சொல்லவில்லைதான், ஆனால் எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மனிதனிடம் அழகான கதை கேட்டார்கள். அவர் உண்மையைச் சொன்னார். அதற்குத் தண்டனை! இதை எழுதும்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

வழி சொல்லித் தந்தவர் சித்தி, அம்மாவின் தங்கை. சாட்சி நேரம் அவர் இல்லாமல் களைகட்டாது. காஸ் சிலிண்டர் கிடைத்ததற்குக்கூடத் தரிசனம் கண்டவர்.

“வீட்டில ஆராவது ஒரு நல்ல சாட்சி சொன்னா, பாஸ்டர் அப்பாக்கு வாசிப்பைத் திருப்பிக் குடுத்திடுவார்,” என்று என் காதுக்குள் சொன்னார். “நீ தம்பியக் கனவில காணேல்லையோ?”

காணவில்லை. ஒரு நாளும் காணவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்து, தம்பி வெள்ளை உடுப்போடு ஒரு பூந்தோட்டத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான் என்றேன். மண்டபமே அழுதது. அம்மா அழுத அழுகையில் எனக்கே அது உண்மைபோல் ஆகிவிட்டது. பாஸ்டர் என் தலையில் கைவைத்து, வருகிற ஞாயிறு அப்பா வாசிப்பார் என்றும், அதற்கடுத்த கிழமை கொட்டாஞ்சேனையில் நடக்கும் பெரிய கூட்டத்தில் நான் இந்தக் கனவை மறுபடி சொல்வேன் என்றும் அறிவித்தார். நினைத்த காரியம் முடிந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அம்மாவும் சித்தியும் நேரே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்பா என்னைக் கடற்கரை ரயில் பாதை ஓரமாகக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

“தம்பி சிரிச்சவனோ?”

“ஓம் அப்பா.”

“மெலிஞ்சு போய் இருந்தவனோ?”

“இல்லை. நல்லாக் கொழுத்திருந்தவன்.”

பிறகு, குரல் சரியாக எழும்பாமல் கேட்டார்.

“இருமினவனோ?”

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. இருமாத தம்பியை யார் நம்புவார்கள்?

“கொஞ்சமா இருமினவன்,” என்றேன்.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். மொரட்டுவைப் பக்கம் போன ரயில் எங்களைக் கடந்து போனது.

“பரலோகத்தில நோவு இல்லை எண்டு வேதத்தில எழுதியிருக்கு, பிள்ளை.”

ஏசவில்லை, அடிக்கவில்லை. நான்தான் அழுது, சித்தி சொன்னதையெல்லாம் கக்கினேன்.

அடுத்த ஞாயிறு அப்பா மேடை ஏறினார். புத்தகத்தைத் திறக்கவில்லை.

“என்ர மகள் கனவு ஒண்டும் காணேல்ல,” என்றார். “எனக்கு இந்த இடம் திரும்பக் கிடைக்கவேணும் எண்டுதான் அப்பிடிச் சொன்னவள். பிழை அவளில இல்லை, கதை கேட்ட எங்களிலதான். என்ர மகன் ஆரிட்ட இருக்கிறான் எண்டு நம்ப எனக்குக் கனவு தேவையில்லை. வேதத்தில எழுதினது போதும்.”

இறங்கி வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார். அந்தப் படிகளில் நாங்கள் பிறகு ஏறவில்லை.

எனக்கு வந்த கோபம் பாஸ்டர் மேலும் இல்லை, சித்தி மேலும் இல்லை, அப்பா மேல்தான். யாருக்காகப் பொய் சொன்னேனோ அவரே என்னைச் சபை நடுவில் பொய்க்காரியாக்கிவிட்டாரே! ஒரு மாதம் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை. ரயில் பாதையில் அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் பொலிஸ்காரர் கேட்பதுபோல, என்னைப் பிடிப்பதற்காகவே கேட்டது என்று நம்பினேன்.

அது அப்படியல்ல என்பது அந்தப் பத்து வயதுக்கு எட்டவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் அழுத அத்தனை பேரையும்விட, அந்தக் கனவு உண்மையாக இருக்கவேண்டும் என்று ஏங்கியவர் அவர்தான். இருமினவனோ என்று கேட்டுவிட்டு, நான் ‘இல்லை’ என்று சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார்.