எலிகியோவின் மரத்த விரல்கள்

என் அக்காள் புருஷன் எலிகியோ பேஸ்பால் பந்தை எறிந்தே பிழைத்தவர். கரும்பு வெட்டுகிற வீட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்கா போய், அங்கே சிறிய அணிகளோடு பஸ்ஸில் அலைந்தார். குளிர்காலத்தில் சான் பெத்ரோவுக்குத் திரும்பி எங்கள் ஊர் அணிக்கு எறிவார். பெரிய அணி ஒன்று கூப்பிடும் என்று காத்திருந்தார்.

அப்படி ஒரு அணியின் ஆள் பார்க்க வந்திருந்த அன்று, ஒன்பது சுற்றில் ஏழாவதுவரை அவர் பந்தை ஒருவனாலும் அடித்து ஓட முடியவில்லை. அப்படி அமைந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு ஒரு கிறுக்கு பிடிக்கும். எறிகிறவனோடு பேசவும் கூடாது, பக்கத்தில் உட்காரவும் கூடாது, அதிர்ஷ்டம் போய்விடுமாம். பெஞ்சில் எலிகியோ தனியாக இருந்தார். இரண்டு விரல்கள் மரத்திருந்தன. பந்து பிடிக்கும் பாதிஸ்தாவிடம் போனார்.

"டேய், விரல்ல உணர்ச்சியே இல்லடா."

பாதிஸ்தா காதைப் பொத்திக்கொண்டு ஓடினான், தடிமாடு.

மிச்சத்தையும் எறிந்து முடித்தார். கடைசிவரை ஒருவனும் அடிக்கவில்லை. தோளில் தூக்கி ஆடினார்கள். அந்தக் கை அதன்பின் பந்தெறியவில்லை. அறுவை சிகிச்சையும் பலிக்கவில்லை. என் மளிகைக் கடை வாசலில் டாமினோ காய்களை அடுக்கி ஆடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே முகம்.

போன டிசம்பரில் நானும் அவரும் ஆட்டம் பார்க்கப் போனோம். எங்கள் அணிக்கு வில்டன் என்கிற சின்னப் பையன் எறிந்தான். எட்டாவது சுற்றிலும் யாரும் அடிக்கவில்லை. பெஞ்சில் தனியாக உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தான். எலிகியோ என் பக்கத்திலிருந்து எழுந்து மைதானத்துக் கம்பி வேலிக்குப் போனார்.

"தம்பி, விரல்ல உணர்ச்சி இருக்கா?"

"மச்சான், வாயை மூடுங்க, கொன்னுடுவானுங்க!" என்று நான் இழுத்தேன்.

வில்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இல்லண்ணே. யார்கிட்டன்னு சொல்றது?"

பயிற்சியாளர் காதில் விழுந்துவிட்டது. அவனை வெளியே எடுத்தார். அடுத்து எறிய வந்தவனின் முதல் பந்தே அடிபட்டது.

"சனியனே, கெடுத்துட்டியே!" கத்தியவர்களில் பாதிஸ்தாவும் ஒருவன். ரம் கோப்பைகள் எலிகியோ முதுகில் விழுந்தன. அவர் துடைக்கக்கூட இல்லை.

இப்போது என் கடையில் அவர் மேசைக்கு யாரும் வருவதில்லை. எதிர் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. தனியாகக் காய் அடுக்குகிறார்.

"வில்டன் திரும்ப எறியுறானாம், மச்சான்," என்றேன் நேற்று.

"விரலு?"

"நல்லாயிடுச்சாம்."

"ம்," என்று அடுத்த காயை வைத்தார். நான் கல்லாவை விட்டு எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.