இரண்டு வில்பிரட்டும் ஒரு புல்லட்டும்

பம்மலில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால், பந்தல்காரருக்கு அடுத்தபடியாகப் போன் வருவது வில்பிரட்டுக்குத்தான். ஸ்பீக்கர் செட், மைக், சீரியல் பல்பு எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். ஆள் ஒல்லி. ஆனால் மைக் டெஸ்ட் செய்ய "ஹலோ, ஹலோ" என்று அவர் ஆரம்பித்தால், மைக்கை இன்னும் ஆன் செய்யவில்லை என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லித்தான் தெரியும். அப்படி ஒரு குரல்.

கொரோனா வந்ததும் அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போனது. கல்யாணங்கள் இருபது பேரோடு முடிந்தன. திருவிழாக்கள் நடக்கவே இல்லை. புது ஸ்பீக்கர்களுக்காக ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட முடியவில்லை. ஒரு வருடம் இழுத்த பிறகு கம்பெனிக்காரர்களே இறங்கி வந்து, "நாப்பதாயிரம் கட்டுங்க, செட்டில் பண்ணிக்கலாம்" என்றார்கள். மனைவி ஜீவிதா கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடுத்தாள். பணம் கட்டிய அன்று இருவரும் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டு, பீடை ஒழிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினார்கள்.

பீடை ஒழியவில்லை என்பது மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தொழில் மறுபடி சூடு பிடித்திருந்தது. ஆனால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் சாமான் ஏற்றிப்போகும் வண்டி வாடகையே லாபத்தைத் தின்றது. சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டி வாங்கிவிடலாம் என்று தாம்பரத்தில் ஒரு வங்கிக்குப் போனார். கடன் பிரிவில் இருந்த வினிதா என்ற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"சார், உங்க சிபில் ஸ்கோர் ஐந்நூத்தி நாப்பத்தெட்டுதான் இருக்கு. எழுநூறுக்கு மேல இருந்தாதான் லோன் கிடைக்கும். ஸ்பீக்கர் லோன்ல 'செட்டில்டு'ன்னு போட்டிருக்காங்க."

"செட்டில் ஆனா நல்லதுதானே மேடம்?"

"இல்ல சார். முழுசா கட்டல, பாதியில விட்டுட்டாங்கன்னு அர்த்தம். அதில்லாம ஒரு புல்லட் லோன் வேற ஏழு மாசமா கட்டாம நிக்குது."

"புல்லட்டா! நான் டிவிஎஸ் பிப்டிக்கு மேல ஏறுனதே இல்ல மேடம்!"

அவர் குரலுக்கு வங்கியே திரும்பிப் பார்த்தது. வினிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அறிக்கையை அச்செடுத்துக் கொடுத்தாள். பழைய கடனில் விட்டுப்போன அறுபத்திரண்டாயிரத்தைக் கட்டி, முடிந்தது என்று கடிதம் வாங்க வேண்டும். புல்லட் தன்னுடையது இல்லை என்று புகார் கொடுக்க வேண்டும். பொறுமையாக விளக்கினாள்.

அப்போதுதான் வில்பிரட்டுக்கு உறைத்தது. மாதாமாதம் யாரோ போன் செய்து புல்லட் தவணை கேட்பதும், அவர் ராங் நம்பர் என்று கத்திவிட்டு வைப்பதும் வழக்கமாயிருந்தது. அடுத்த முறை போன் வந்தபோது அவர் கத்தவில்லை. "எந்த அட்ரஸ்ல இருக்கற வில்பிரட் சார் வேணும்?" என்று தேன் ஒழுகக் கேட்டார். எதிர்முனை வண்டலூரில் ஒரு தெருப் பெயரைச் சொன்னது.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு டிவிஎஸ்ஸில் கிளம்பினார். விலாசத்து வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திய புல்லட் நின்றது. கதவைத் தட்டினார்.

"வில்பிரட் கீறாரா?"

"அவரு ஊர்ல இல்ல," என்று உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல்.

"அண்ணா, நான் வசூலுக்கு வர்ல. நானும் வில்பிரட்தான். உங்க புல்லட் தவணைக்கு எனக்குத்தான் போன் வருது."

கதவு கொஞ்சமாகத் திறந்தது. காலில் மாவுக்கட்டோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். கால்டாக்சி ஓட்டுகிறவர். விபத்தில் கால் முறிந்து, எட்டு மாதமாக வீட்டோடு கிடக்கிறார். "நம்ம வண்டிக்கு உன்னையா கேட்டுகினு இருந்தானுங்க?" என்று கேட்டவர் பக்கென்று சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் கால் வலித்தது. இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை போட வந்தவர், டீ குடித்துவிட்டு, கட்டுப் பிரித்ததும் கடன் கொடுத்த அலுவலகத்துக்குச் சேர்ந்தே போகலாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த மாதம் புல்லட் கடன் கொடுத்த அலுவலகத்தில் இருவரும் பான் கார்டுகளை மேசையில் வைத்தார்கள்.

"இதுல யாரு வில்பிரட்?" என்றார் மேனேஜர்.

"ரெண்டு பேரும்தான் சார். புல்லட் மட்டும் இவரோடது."

பெயர் ஒன்று, பிறந்த வருடம் ஒன்று, பான் எண்ணிலும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். யாரோ கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றித் தட்ட, போன் நம்பரும் பம்மல்காரருடையதே ஏறிவிட்டது. மேனேஜர் வியர்த்துப்போய் அன்றே திருத்தி அனுப்பினார். வண்டலூர்க்காரருக்கும் தவணையைக் குறைத்துக் கொடுத்தார்.

மிச்சம் இருந்தது பொறுமையான வேலை. அறுபத்திரண்டாயிரத்தைப் பத்து மாதத்தில் கட்டினார். ஸ்கோரை ஏற்ற வினிதா சொன்னபடி, வங்கியில் இருபதாயிரம் டெபாசிட் போட்டு, அதன்மேல் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினார். பெட்ரோலுக்கு மட்டும்தான் அதை நீட்டுவார். ஜீவிதா தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் தையல் வேலைக்குப் போகிறவள். தேதி விஷயத்தில் அவள் கம்பெனி சூப்பர்வைசரைவிடக் கறார். ஐந்தாம் தேதி காலையில், "கார்டு பணம் கட்டினியா? கட்னாதான் காபி," என்பாள். ஸ்கோர் ஏறும்போதெல்லாம் வில்பிரட் அதைத் தெருவில் கிரிக்கெட் வர்ணனை போலச் சொல்லிக்கொண்டு போவார். அறுநூறைத் தாண்டியபோது ஜீவிதாவே கைதட்டினாள்.

ஒன்றரை வருடம் கழித்து, எழுநூற்று முப்பத்தாறில், வினிதா போன் செய்தாள். "வாங்க சார், கையெழுத்துப் போடலாம்."

வண்டி வந்தது. முதல் சவாரி முடிச்சூரில் ஒரு வளைகாப்புக்கு. பின்னால் ஸ்பீக்கர்கள், முன்னால் புதுப்புடவையில் ஜீவிதா. தாம்பரம் மேம்பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றபோது, பக்கத்துக் காரில் இருந்தவர் சும்மா இவர்களைப் பார்த்தார்.

"நம்ம வண்டி சார்!" என்றார் வில்பிரட்.

"அவரு கேக்கவே இல்ல," என்றாள் ஜீவிதா. "ரோட்டப் பாத்து ஓட்டு."